இலை போட்டால் சோறு

என் தம்பிக்கு மீசை நரைத்துவிட்டது. முன்னந்தலை ஏறிவிட்டது. கண்ணாடி போடாமல் பக்கத்தில் இருப்பது தெரியாது. அப்படிப்பட்ட ஆளின் கன்னத்தைக் கிள்ளி, அவன் இருக்கும் இல்லத்துக்கு வருகிறவர்கள் "தெய்வக் குழந்தை" என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஓர் அம்மாளிடம், "உங்க வீட்டுக்காரருக்கும் இதே வயசுதான இருக்கும், அவரையும் இப்படித்தான் கிள்ளுவீகளா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை என்று இல்லத்தின் பொறுப்பாளர் வருத்தப்பட்டார். நான் வருத்தப்படவில்லை.

தம்பிக்குப் பேச்சு குறைவு. வேண்டியதற்கு ஒன்றிரண்டு வார்த்தை, அதுவும் அவன் நினைத்தால். அவனுக்கு இருப்பது ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் ஒருவர் சொன்னபோது அவன் சவரம் பண்ணிக்கொள்ளும் வயதுக்கு வந்திருந்தான். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் அதற்கு இருந்த ஒரே பெயர் "அவன் அப்படித்தான்" என்பது. அம்மா வைத்தது. யார் என்ன கேட்டாலும் அம்மா அதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். டாக்டர் சொன்ன பெயரையும் கேட்டுக்கொண்டு, "சரி, அப்படியே வச்சுக்குவோம்" என்று பஸ் ஏறினாள்.

சிவகாசியில் எங்களுக்குக் காலண்டர் அச்சகம். மாடியில் வீடு, கீழே மிஷின். அச்சடிக்கிற மிஷின் சத்தம் தம்பிக்குப் பிடிக்கும், அது ஒரே சீராக ஓடும் என்பதால். எவர்சில்வர் தட்டில் கரண்டி படுகிற சத்தம் மட்டும் ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு கத்துவான். அதனால் அம்மா அவனுக்கு எப்போதும் வாழையிலையில்தான் போடுவாள். அம்மா எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் இலையை விரிப்பாள். இலை தரையில் விழும், தண்ணீர் தெளிப்பாள், சோறு விழும். இடையில் போன் அடித்தாலும் எடுக்கமாட்டாள். இலை போட்டால் சோறு. அவன் உலகத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத சங்கதிகள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

சாப்பிட்டு முடித்ததும் இலையை மடித்துக் கொண்டுபோய் வாளியில் போடுவான். கையைக் கழுவுவான். அப்புறம் அடுப்படிக் கதவை இழுத்து அடைத்துவிடுவான். அதன்பிறகு யார் வந்தாலும் சோறு கிடையாது. சீசன் நேரத்தில் கீழே லோடு ஏற்றிவிட்டு நான் மேலே வருவதற்குள் கதவு சாத்தியிருக்கும். நான் தட்டுவேன், அம்மா உள்ளே இருந்து சிரித்துக்கொண்டே, "கடை அடைச்சாச்சு, நாளைக்கு வாங்க" என்பாள். எங்கள் தெரு முனையில் இருந்த புரோட்டாக் கடைக்காரர் என்னால் பிழைத்தார் என்றே சொல்லலாம்.

அம்மா போன பிறகு அவனை என்னோடுதான் வைத்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை சத்தம். எங்கள் வீடு பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற நாரணாபுரம் பக்கம். புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பதற்கு யாரும் எங்களிடம் நேரம் கேட்பதில்லை. எங்காவது விபத்து என்றால் ஜன்னல் கண்ணாடி அதிரும். நாங்கள் எல்லாரும் எந்தப் பக்கம் புகை என்று பார்க்க மாடிக்கு ஓடுவோம், அவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அம்மா இருந்தவரை அவளும் உள்ளே ஊர்ந்துபோய் அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிடப்பாள். என் கையை அவன் காதுப் பக்கம் விடவில்லை. நான் எவ்வளவோ முயன்றும் விடவில்லை. தீபாவளிக்கு முந்தின மாதங்களில் அவன் பாதி நாளைக் கட்டிலுக்கு அடியிலேயே கழித்தான். அது ஒரு மனிதன் வாழ்கிற வாழ்க்கை இல்லை.

அதனால் வெடிச் சத்தம் எட்டாத இடமாகத் தேடினேன். இருக்கன்குடிப் பக்கம், கரிசல் காட்டு நடுவில், காற்றோட்டமான கட்டடம், இவனைப் போன்றவர்களுக்கான இல்லம். ஊரில் பேசத்தான் செய்தார்கள். கூடப் பிறந்தவனை வைத்துப் பார்க்க வக்கில்லை, கொண்டுபோய்த் தள்ளிவிட்டாள், அச்சகத்தை மட்டும் வைத்துக்கொண்டாள் என்றார்கள். பேசட்டும். இவர்கள் எல்லாரும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு ஏர்போர்ட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள். வளர்ந்த ஆண்பிள்ளைக்கு அக்கா வீட்டைத் தவிர வேறு வீடு இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? அவனுக்கு நான் தேடியது ஒரு வீடு. அது வீடாக இருக்கிறதா என்று கேட்கிற உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமைதோறும் போனேன்.

இல்லத்தில் யாரும் அடிப்பதில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொறுப்பாளர் கெட்டவர் இல்லை. ஆனால் சலவைத் துணி எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும். அன்றைக்குக் கையில் அகப்பட்ட சட்டை அன்றைக்கு உடம்புக்கு. ஒருநாள் தம்பி ஏதோ ஓட்டலின் பேர் போட்ட பனியனோடு நின்றுகொண்டிருந்தான். நான் வாங்கிக்கொடுத்த கட்டம் போட்ட சட்டை எதிரே இன்னொருவர் மேல் நடந்து போனது. நான் கத்தினேன். அடுத்த வாரம் அவனுக்கு ஒரு தனிப் பெட்டி வந்தது. கத்தினால்தான் வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

அங்கே மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் தருமத்தில்தான் நடக்கும். பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று யாராவது நாள் எடுத்துக்கொள்வார்கள். ஆடி மாதம் வந்துவிட்டால் அம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டம் வேறு. பொங்கல் வைத்து, மொட்டை போட்டு, கிடா வெட்டி, அப்படியே ஒரு வேன் நிறையச் சாப்பாட்டோடு இல்லத்துக்கு வருவார்கள். வந்தவர்கள் கையால்தான் முதல் கரண்டி விழ வேண்டும். அதற்காக இல்லத்தில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வேன் வருவதற்கு வெகு நேரம் முன்பே எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து, இலையையும் போட்டுவிடுவார்கள். இறங்கி வருகிறவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டுமாம்.

அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு முடிந்திருந்தது. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்ட கையோடு, அச்சகத்தில் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் தம்பியைக் காணோம். பின் அறையில் கிடந்தான். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. தோளைத் தட்டினேன், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்; என்னை அடையாளம் தெரிந்ததா என்றே தெரியவில்லை, அவ்வளவு தூரத்தில் இருந்தான்.

வாசலில் தாயில்பட்டி ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மகளும் இங்கேதான் இருக்கிறாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவள் விரல் இடுக்கில் வெள்ளிப் பொடி மினுங்கும். அவள்தான் நடந்ததைச் சொன்னாள். வேன் கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. இலை போட்டபடியே கிடந்தது. என் தம்பி இலையைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான், மறுபடி இலையைப் பார்த்தான். முதலில் ஆடினான், அப்புறம் கத்தினான், அப்புறம் தன் கையைத் தானே கடித்தான். நாலு பேர் பிடித்து மாத்திரையைப் போட்டுப் பின்னால் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். வேன் வந்தபோது வரிசை அழகாக இருந்தது.

"இது இன்னைக்கு மட்டுமில்லக்கா. பெரிய ஆளுக வாரன்னைக்கெல்லாம் எம் மகளுக்கும் காலையிலேயே ஒண்ணு குடுத்துருவாக. அவ கையத் தட்டிட்டே இருப்பால்ல, அதுக்கு."

"நீ கேக்க மாட்டியா?"

"எங்கனக்கா கேக்க? எதுத்துப் பேசுனா வெளிய தள்ளிருவாக. நான் அவள வச்சுக்கிட்டு கம்பெனில வெடிமருந்து ரூமுக்கா போக முடியும்?"

பொறுப்பாளரிடம் போனேன். அவர் எதையும் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"மாத்திரை போட்டோம்மா, இல்லைன்னு சொல்லல. குடுக்க வாரவக மனசு கோணிட்டா அடுத்த வருசம் வருவாகளா? அடுப்பு எரியணும்ல?"

"அவனுக்குப் பசி சார். இலையப் போட்டுட்டுச் சோறு போடலன்னா எனக்கே கோவம் வரும்."

"மத்த பிள்ளைக எல்லாம் உக்காந்துதான இருந்தாக?"

"அவுகளுக்கும் மாத்திரை போட்டிருக்கீக."

அவர் மேஜை மேல் இருந்த நன்கொடை நோட்டை மூடி வைத்தார். பிறகு, இன்னொரு தடவை தம்பி இப்படிச் செய்தால் நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கரண்ட் போய்விட்டது என்று சொல்வது மாதிரி சொன்னார்.

கூட்டிக்கொண்டு போனால் மறுபடியும் கட்டிலுக்கு அடி. விட்டுவைத்தால் மாத்திரை. இந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் நினைத்தார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது, உண்மை. சாத்தூர் தாண்டியதும் நின்றுவிட்டது. மதுரை டாக்டருக்குப் போன் போட்டேன். அந்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தது என்று அவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியே எனக்குப் போதும்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு நாள் எடுத்திருந்தது எங்கள் சொந்தத்தில் ஓர் அண்ணாச்சி. பட்டாசுக் கம்பெனி முதலாளி. அவர் கம்பெனி காலண்டர் பல வருடமாக எங்கள் அச்சகத்தில்தான் அடிப்போம். இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்திலும் அதுதான் தொங்கியது. பேரனுக்குக் காது குத்து, கிடா வெட்டு, அதை முடித்துவிட்டு இங்கே பிரியாணி. கடைசி வெள்ளியில் அந்தக் கோயில் கூட்டத்துக்குள்ளே இருந்து யாரும் சொன்ன நேரத்துக்கு வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

நான் சாத்தூரில் ஒரு மெஸ்ஸில் சொல்லி வைத்து, சாம்பார் சாதமும் தயிர் சாதமும் ஓர் ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு போனேன். காலையிலேயே போய்ப் பொறுப்பாளரிடம், "இன்னைக்கு என் தம்பிக்கு மாத்திரை குடுத்தா டாக்டர் சீட்டைக் காட்டுங்க, இல்லைன்னா நான் மாவட்ட ஆபீசுல போய் உக்காந்துருவேன்" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வழக்கம்போல இலை போட்டார்கள். வழக்கம்போல வேனைக் காணோம். தம்பி மெல்ல ஆட ஆரம்பித்தான்.

நான் எழுந்து அண்டாவின் மூடியைத் திறந்தேன்.

"அம்மா, அம்மா, வேணாம்மா, இந்தா வந்துருவாக, கோயில்ல இருந்து கெளம்பிட்டாகளாம்" என்று பொறுப்பாளர் ஓடி வந்தார். நான் காதில் வாங்கவில்லை. முதல் கரண்டி தம்பி இலையில். அடுத்தது பக்கத்து இலையில். வரிசை நீளம், நான் ஒருத்தி. பாதி வரிசையில் யாரோ என் கையில் இருந்து வாளியை வாங்கினார்கள். தாயில்பட்டிக்காரி. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறாள். "நீங்க தயிர்ச்சோறு எடுத்துட்டு வாங்கக்கா, இது எம்புட்டு கனமா இருக்கு" என்றாள். அவள் மகள் கையைத் தட்டிக்கொண்டே சாப்பிட்டாள். அன்றைக்கு அவளுக்கும் மாத்திரை போடவில்லை. அந்தத் தட்டலால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

எல்லாரும் இலையை மடித்த பிறகு வேன் வந்தது. அண்ணாச்சி சந்தனமும் வேர்வையுமாக இறங்கினார். பின்னாலேயே மொட்டைத் தலைப் பேரன், காதில் புதுக் கடுக்கன், அழுது வீங்கிய முகம்.

"என்னம்மா இது? எலையெல்லாம் மடிச்சுக் கெடக்கு?"

"சாப்பிட்டாச்சு அண்ணாச்சி."

"நாங்க வாரதுக்கு முன்னயேவா?"

"பசி முன்னாடியே வந்துருச்சு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "முதக் கரண்டி பேரன் கையால விழணும்னு ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டதும்மா. அந்தக் கூட்டத்துல எப்படி வர? உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. இவனுக்கு எப்படித் தெரியும்? நேத்திக்கடன் உங்களுது, வயிறு இவங்களுது. போன வாரம் இதே எடத்துல இவன் கையக் கடிச்சுக்கிட்டான், பாருங்க."

தம்பியின் மணிக்கட்டைக் காட்டினேன். அண்ணாச்சி பார்த்தார். பார்த்துவிட்டுப் பிரியாணியை அடுப்படியில் இறக்கச் சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்கள். ஆத்தா அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள மாட்டாளா என்ன?

ஊருக்கு வந்து சேர்வதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்திருந்தது. தருமம் பண்ண வந்தவரை வாசலில் வைத்து அவமானப்படுத்திவிட்டாள் என்று. அந்த வருடக் காலண்டர் ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போனது. அடித்து வந்ததைப் பார்த்தேன். அம்மன் முகத்தில் மஞ்சள் தூக்கல், காமாலை வந்தது மாதிரி. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இல்லத்திலும் அத்தோடு விடவில்லை. மறு வெள்ளி நான் போனபோது தம்பியின் பெட்டி வாசலில் இருந்தது.

"கூட்டிட்டுப் போயிருங்கம்மா. சொல்லித்தான இருந்தேன்" என்றார் பொறுப்பாளர்.

"மாட்டேன் சார். நாங்க சத்தம் போட்டா வெளிய, போடலைன்னா மாத்திரையா? இது அவன் வீடு. அவன் இங்கதான் இருப்பான்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அவன் கட்டிலில் வைத்தேன். திரும்பி வந்தால் தாயில்பட்டிக்காரி அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு வந்திருந்த வேறு சில வீட்டுக்காரர்களும் அவள் பின்னால் நின்றார்கள். "அக்கா தம்பிய அனுப்புனா எம் மகளையும் சேத்து அனுப்புங்க சார். எல்லாத்தையும் அனுப்பிட்டு நீங்க யாருக்குச் சோறு போடுவீகன்னு நானும் பாக்கேன்" என்றாள். என்னைவிட நன்றாகத்தான் பேசினாள். இத்தனை நாள் இந்த வாயை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

அவர் கையைப் பிசைந்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார். நேரத்துக்குச் சாப்பாடு, தருமம் செய்கிறவர்கள் வந்துவிட்டால் கூட உட்கார்ந்து சாப்பிடலாம், வராவிட்டால் வந்ததை அடுத்த வேளைக்கு வைத்துக்கொள்ளலாம். டாக்டர் எழுதாத மாத்திரை கிடையாது. அவர் பயந்தது மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் பேர் வராமல் போனார்கள், மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

தம்பிக்குத் தெளிவு வர நாளாயிற்று. முதலில் நடை திரும்பியது. அப்புறம் காலையில் காலண்டரில் தேதி கிழிக்க ஆரம்பித்தான். அவனுக்கு முன்னால் வேறு யாராவது கிழித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த மூஞ்சியைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. மாத்திரை போட்டுக் கிடந்தவனுக்குக் கோபித்துக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லாமல் இருந்தது.

மறு வருட ஆடிக் கடைசி வெள்ளிக்கு அண்ணாச்சி மறுபடி வந்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, வீம்பும் உண்டு, மனசும் உண்டு. இந்தத் தடவை எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று போனில் சொல்லியிருந்தாராம். ஆனால் கோயில் கூட்டம் யாருக்காகவும் குறைவதில்லை. அவர் பாயச வாளியோடு முற்றத்துக்குள் வந்தபோது கூடத்தில் எல்லாரும் முடித்துவிட்டார்கள். தம்பி இலையை மடித்து வாளியில் போட்டான். கையைக் கழுவினான். சட்டையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். அண்ணாச்சியைப் பார்த்தான், பாயச வாளியைப் பார்த்தான். கூடத்தின் இரட்டைக் கதவை இழுத்து அடைத்து உள்ளே தாழ்ப்பாள் போட்டான். அம்மா போனதிலிருந்து அவன் எந்தக் கதவையும் அடைத்ததில்லை.

உள்ளே இருந்து குரல் கேட்டது. அவன் குரல்தான்.

"கடை அடைச்சாச்சு. நாளைக்கு வாங்க."

அண்ணாச்சி வாளியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பொறுப்பாளர் பதறிப்போய், "அம்மா, நீங்க சொன்னாக் கேப்பான், தெறக்கச் சொல்லுங்கம்மா" என்றார். எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைத்துக்கொள்ளாமல் படியில் உட்கார்ந்தேன்.

"நான் விருந்தாளி சார்" என்றேன். "நீங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."